பல்வங்கர் பாலு: தொட்ட பந்தும் தொடாத குவளையும்

இடது கை சுழற்பந்து என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிஷன் சிங் பேடிதான். தலையில் பட்கா, நாலு எட்டு நடந்து வந்து அலட்டிக்கொள்ளாமல் வீசும் அழகு, 67 டெஸ்டில் 266 விக்கெட். இன்னும் கொஞ்சம் மூத்தவர்கள் பாபு நட்கர்னியைச் சொல்வார்கள். 1964 ஜனவரியில் மெட்ராஸ் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தொடர்ந்து 21 ஓவர் போட்டவர். நம் மாநிலக் கணக்கில் ஏ.ஜி. ராம்சிங் இருக்கிறார். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டத்தில் மைசூருக்கு எதிராக 35 ரன்னுக்கு 11 விக்கெட் எடுத்து, ஆட்டத்தை ஒரே நாளில் முடித்து வைத்தவர்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருந்தார். பெயர் பல்வங்கர் பாலு. இந்தியாவிலிருந்து வந்த முதல் பெரிய பந்துவீச்சாளர் என்று வரலாறு தெரிந்தவர்கள் சொல்வது இவரைத்தான். நம் ஊர்ப் பக்கம் கிரிக்கெட் தெரிந்த பத்துப் பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அதனால்தான் எழுதலாம் என்று தோன்றியது.

பாலு 1870-களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். சாமர் எனப்படும் தோல் தொழில் செய்யும் சமூகம். அந்தக் காலத்து வழக்கில் தீண்டத்தகாதவர். அப்பா படைத்துறையில் வேலை பார்த்ததால் குடும்பம் புனேக்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் விளையாடிவிட்டுக் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் பாலுவும் அவருடைய தம்பி சிவராமும் விளையாடக் கற்றுக்கொண்டார்கள்.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. முதல் வேலை, பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில். மைதானத்தைப் பெருக்க வேண்டும், ரோலர் இழுக்க வேண்டும். சம்பளம் மாதம் மூன்று ரூபாய். சும்மா இருக்கும் நேரத்தில் உறுப்பினர்களுக்குப் பந்து போடலாம். 1890-களின் தொடக்கத்தில் அங்கிருந்து வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார். சம்பளம் நான்கு ரூபாய் ஆனது. வேலை அதேதான்: பிட்சை உருட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது.

அந்த வலையில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. கிளப்பில் ஒரு வெள்ளைக்காரர், "நீயும் பந்து போடு" என்று ஊக்கம் கொடுத்தார். மெதுவாக வந்து இடது கையால் வீசும் பந்து, வலது கை ஆட்டக்காரரின் காலடிப் பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டி, தரையில் பட்டதும் வெளியே திரும்பும். மட்டையின் ஓரத்தில் பட்டால் ஸ்லிப்பில் கேட்ச். இறங்கி வந்து அடிக்கப் போய்த் தவறவிட்டால் ஸ்டம்பிங். வேகம் கூட்டிக் குறைத்து, திரும்புவதையும் திரும்பாததையும் மாற்றி மாற்றிப் போடுவார். அந்தக் காலத்தில் பிட்சுக்கு மூடி போடும் வழக்கம் இல்லை. மழை பெய்தால் நனையும், வெயிலில் காயும். எந்த நேரத்தில் மண் எப்படி நடந்துகொள்ளும் என்பது, தினமும் ரோலர் இழுத்த ஆளைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் நிலத்தில் வேலை செய்தவர்களுக்குப் புரியும்.

பூனா கிளப்பில் அப்போது பெரிய ஆட்டக்காரர் ஜே.ஜி. கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி. ஆள் குட்டை, ஆட்டம் பெரிசு. பாலு பந்து போட வேண்டும் என்பதற்காகவே மற்றவர்களுக்கு முன்னால் மைதானத்துக்கு வந்து விடுவாராம். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, நான்கு ரூபாய் சம்பளக்காரருக்கு எட்டணா என்பது மூன்று நாலு நாள் கூலி.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கிளப்பில் அத்தனை வருஷம் மணிக்கணக்காகப் பந்து போட்ட பாலுவுக்கு ஒரு நாள்கூட மட்டை பிடிக்க வாய்ப்புக் கொடுக்கவில்லை. பின்னாளில் அவரே தன் மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறார். மட்டை பிடிப்பது துரைமார் வேலை, பந்து போடுவது கூலி வேலை. நம் பக்கம் கண்மாய் வற்றியதும் பையன்கள் ஸ்டம்ப் நடுவார்கள். அங்கேயும் மட்டை யாருடையதோ அவன்தான் முதலில் ஆடுவான். பந்து பொறுக்குகிறவன் கடைசிவரை பொறுக்கிக்கொண்டே இருப்பான். உலகம் முழுக்க அதே நியாயம்தான்.

வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டு அவர்களையே திணறடிக்கும் ஆள் ஊரில் இருக்கிறார் என்ற செய்தி புனே இந்துக்கள் காதுக்குப் போனது. அவர்களுக்கும் ஒரு அணி இருந்தது. வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்று ஆசையும் இருந்தது. பாலுவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்தது. சிலர் வேண்டும் என்றார்கள், சிலர் தீட்டு என்றார்கள். கடைசியில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை ஜெயித்தது. பாலு அணிக்கு வந்தார்.

எப்படி வந்தார் என்பதுதான் முக்கியம். மைதானத்துக்குள் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். பாலு வீசுவார், விக்கெட் கீப்பர் பிடிப்பார், ஸ்லிப்பில் நிற்பவர் தூக்கிப் போடுவார். யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் மட்டும் தீட்டு வந்துவிடும். மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலு வெளியே நின்று, குடித்ததும் தூக்கிப் போடுகிற மண் குவளையில் குடிக்க வேண்டும். சாப்பாடு தனி மேசையில், தனித் தட்டில். முகம் கழுவக்கூட அவருடைய சமூகத்தைச் சேர்ந்த ஒரு ஆள்தான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

நம் மாவட்டத்தில் என் வயதுள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறுவனாக இருந்தபோது டீக்கடையில் சிலருக்குச் சிரட்டையிலும், கூரையில் செருகி வைத்த தனிக் குவளையிலும் டீ ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வயலில் இறங்கினால் ஒரே சேறு, ஒரே கதிர்க்கட்டு. கரையேறினால் குவளை வேறு. புனே மைதானமும் நம் வயக்காடும் ஒன்றுதான்.

புனே இந்துக்கள் சதாரா போய் அங்குள்ள வெள்ளைக்காரர் கிளப்போடு ஆடினார்கள். பாலுவின் பந்து திரும்பக் கூடாது என்பதற்காக அங்கே நாள்கணக்கில் பிட்சை உருட்டிக் கெட்டியாக்கி வைத்திருந்தார்களாம். அதிலேயும் பாலு ஏழு விக்கெட் எடுத்தார், இந்துக்கள் ஜெயித்தார்கள். ஊர் திரும்பியதும் பாராட்டுக் கூட்டம். அங்கே நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, கூட விளையாடலாம் என்றால் கூட உட்கார்ந்து சாப்பிடுவதில் என்ன தடை என்ற பொருளில் பேசினார். ரானடே சொன்னால் அப்போது புனேயில் மறுபேச்சு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக வழக்கம் தளர்ந்தது.

1896-ல் புனேயிலும் பம்பாயிலும் பிளேக் பரவியது. அந்தச் சமயத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். கொஞ்ச நாள் ராணுவத்தில் இருந்தார், பிறகு ரயில்வேயில் வேலை. அங்குள்ள இந்து ஜிம்கானாவும் முதலில் தயங்கிப் பிறகு அவரைச் சேர்த்துக்கொண்டது. தம்பி சிவராமும் வந்தார். பின்னால் கணபத், விட்டல் என்று மற்ற இரண்டு தம்பிகளும் ஆட வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து நான்கு பேர்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பாலுவும் சிவராமும் அதில் ஆடினார்கள். சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம். நம் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது அதே 1906-ல்தான். ஆகவே அந்த வெற்றி வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டதால் வந்த வெற்றி என்று சீர்திருத்தப் பத்திரிகைகளும் எழுதின.

அதே காலத்தில் நம் சென்னையிலும் பெவிலியன் ஒரு மானப் பிரச்சினையாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில், ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அது பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பார்கள். சென்னையில் வெள்ளைக்காரன் இந்தியனை மரத்தடிக்கு அனுப்பினான். நமக்குக் கோபம் வந்தது. புனேயில் இந்தியனே இந்தியனைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தினான். அதற்குக் கோபம் வர ஒரு ரானடே தேவைப்பட்டார்.

1911-ல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. மன்னருக்கு விருந்துகள் அதிகம், மைதானத்தில் இருந்தது குறைவு. அணியும் பெரிதாகச் சோபிக்கவில்லை. 14 முதல்தர ஆட்டங்களில் 10 தோல்வி, 2 வெற்றி, 2 டிரா. அந்த அணியில் தலை நிமிர்ந்து திரும்பியவர் பாலு. எல்லா ஆட்டங்களும் சேர்த்து 114 விக்கெட், சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 103 ரன்னுக்கு 8 விக்கெட். லெஸ்டர்ஷயரை அணி ஜெயித்தபோது இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 11 விக்கெட். அந்த வருஷம் இங்கிலாந்தில் கடுமையான கோடை வேறு. பிட்சுகள் காய்ந்து கிடந்த பருவத்தில், தோள் வலியோடு, 35 வயதை ஒட்டிய ஒருவர் எடுத்த விக்கெட்டுகள் இவை.

அவருடைய முதல்தரக் கணக்கு 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. ஒரு விக்கெட்டுக்குப் பதினைந்து ரன்தான் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு தொடங்குவதே 1905-06 பருவத்தில். அப்போது அவருக்கு முப்பது வயது ஆகியிருந்தது. கையில் வலுவும் உடம்பில் வேகமும் இருந்த இருபதுகள் முழுவதும் பூனா கிளப் வலையிலும் ஏட்டில் ஏறாத ஆட்டங்களிலும் கழிந்தன. நமக்குக் கிடைத்திருப்பது பிற்பகல் கணக்கு மட்டும்தான்.

ஊர் திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் அவருக்குப் பாராட்டு நடத்தினார்கள். அப்படிப்பட்ட பாராட்டுகளில் முன்நின்ற இளைஞர்களில் ஒருவர் அம்பேத்கர். அந்தத் தலைமுறைப் பையன்களுக்குக் கண்ணெதிரே இருந்த முதல் வீரர் பாலுதான்.

ஆனால் கேப்டன் பதவி மட்டும் கைக்கு வரவில்லை. பந்து போட வேண்டும், ஜெயித்துத் தர வேண்டும், சரி. தலைமை தாங்க வேண்டும் என்றால் மேல்சாதிக்காரர் ஒருவர் வேண்டும். 1913-ல் கேப்டனாக்கப்பட்ட எம்.டி. பை, தனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்குத்தான் இந்தப் பதவி போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதால் எதுவும் மாறவில்லை.

1920-ல் பிரச்சினை வெடித்தது. பைக்கு உடல்நலம் இல்லை. முதல் ஆட்டத்துக்கு டி.பி. தியோதரைக் கேப்டனாகப் போட்டார்கள். தியோதர் சாமானியப்பட்டவர் அல்ல, பிற்காலத்தில் அவர் பெயரிலேயே ஒரு கோப்பை வந்தது. ஆனால் பாலுவைவிட வயதிலும் அனுபவத்திலும் இளையவர். அதோடு பாலுவை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் நாங்கள் ஆடவில்லை என்று விலகிக்கொண்டு, சாதிதான் காரணம் என்று பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார்கள். 1920-ல் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். காந்தியின் பேச்சு நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். பொதுமக்கள் பக்கமிருந்து ஆதரவு வந்தது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பை கேப்டனாகத் திரும்ப வந்தார், பாலு துணைக் கேப்டன், தம்பிகளும் திரும்பினார்கள். ஆட்டத்தின் நடுவே பை மைதானத்தை விட்டு வெளியே போய்விட, அந்த நேரம் அணியை நடத்தியவர் பாலு. அவருக்குக் கிடைத்த கேப்டன் பதவி அவ்வளவுதான்.

1923-ல் கடைசித் தம்பி விட்டலைக் கேப்டனாக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியர்களை இந்துக்கள் ஜெயித்தார்கள். விட்டலை ரசிகர்கள் தோளில் தூக்கி வந்தார்கள். அண்ணன் மண் குவளையோடு வெளியே நின்ற நாளிலிருந்து தம்பியை எல்லாச் சாதிக்காரர்களும் தோளில் தூக்கிய நாள்வரை, ஏறக்குறைய முப்பது வருஷம்.

இதோடு கதை முடிந்திருந்தால் சந்தோஷமாக முடிந்திருக்கும். பாலு அரசியலுக்கு வந்தார். அங்கே அவர் நின்ற பக்கம் பலருக்கு வியப்பாக இருக்கும். 1932-ல் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் போராடிய விஷயம் அது. காந்தி அதை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பாலு, நம் சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிக்காகப் பேசினார். செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் ஆனது. தனித் தொகுதி போய், மாகாண சபைகளில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. அந்த ஒப்பந்தத்தில் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா, ராஜாஜி கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. ரோலர் இழுத்த அதே புனேயில் கையெழுத்துப் போட்டார்.

1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. தன்னைக் கொண்டாடிய பையனிடமே தோற்றார். பாலுவைக் காங்கிரஸ் பயன்படுத்திக்கொண்டது என்பாரும் உண்டு. அதில் நியாயம் இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இது. பாலுவின் அனுபவத்தில் கதவுகள் ஒவ்வொன்றாக, மெதுவாக, மேல்சாதியில் இருந்த நல்லவர்கள் சிலர் பேசியதால் திறந்தன. ஆகவே ரானடேயையும் பையையும் பார்த்தவர், பொறுத்திருந்தால் இதுவும் திறக்கும் என்று நம்பியிருப்பார். அம்பேத்கர் கேட்டது, பாலு அளவுக்குத் திறமை இல்லாத சாதாரண மனிதனுக்கு எப்போது திறக்கும் என்ற கேள்வி. ஏழு விக்கெட் எடுத்தால்தான் ஒரு கோப்பை டீ என்றால், ஒரு விக்கெட்டும் எடுக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?

நம் மதுரையில் இதற்குப் பதில் தேடிய நாள் 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போன நாள். உள்ளே போனவர்கள் எதையும் ஜெயித்துக் காட்டிவிட்டுப் போகவில்லை. மனிதர்களாகப் போனார்கள்.

தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்தது. கடையிலோ ஓட்டலிலோ பொதுப் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக மறுத்தால் தண்டனை என்று முதல் தடவையாக நாடு முழுவதற்கும் சொன்ன சட்டம் அது. பாலு பம்பாயில் காலமானது அதே வருஷம் ஜூலை 4. சட்டம் வந்து முப்பத்து நாலாவது நாள். அதன் பிறகும் நம் ஊர்களில் தனிக் குவளை போக எத்தனை வருஷம் ஆனது என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகள் டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது, இடது கையால் யாராவது சுழலவிட்டால் இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பல்வங்கர் பாலு. 179 விக்கெட். ஒரு நாளும் முழுக் கேப்டனாக இருக்க விடப்படாதவர்.